மூன்றாம் நிலையில் ஒரு வெடிப்பு

அனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் வந்து பாகீரதி வீடு எது என்று கேட்டால் தெருவுக்கொரு வீட்டைக் காட்டுவார்கள். கோடு பாகீரதி என்று கேட்டால் ஒரே வீடுதான். கோடு போடுகிற உத்தியோகம், அதனால் அந்தப் பெயர். யாரிடமும் போட்ட கோட்டைத் தாண்டிப் பேசமாட்டாள், அதனால்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது.

அப்பா கோயில் மடப்பள்ளியில் சாமான் கொடுத்து வாங்குகிற வேலையில் இருந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார். வீட்டில் மிஞ்சியது அம்மா, பாகீரதி, அவளுக்குப் பன்னிரண்டு வயது இளையவளான வாலாம்பாள். நடுவில் பிறந்தவை எதுவும் தங்கவில்லை. அழுகையை அம்மா எடுத்துக்கொண்டாள், சம்பாத்தியத்தைப் பாகீரதி எடுத்துக்கொண்டாள். நிலப்படம் வரைகிற ஒரு அரசாங்க ஆபீசில் அவளுக்கு டிரேசர் வேலை கிடைத்தது. மூலப்படத்தின்மேல் மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரிகிற கோடுகளை மையால் அப்படியே எடுக்கவேண்டும். ஆறு, குளம், வயல்வரப்பு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கோர்ட்டில் அடித்துக்கொள்கிற எல்லைக்கோடு, எல்லாம் அவள் கைவழியாகப் போயின.

கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. கிழக்கேகோட்டையில் நிற்கிறவனுக்கு வருகிற பஸ் மாதிரி அது வந்தது, போனது. ஒன்று நிற்கவில்லை, ஒன்றில் இடமில்லை, நின்ற ஒன்றில் இவள் ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டார், "தங்கை, அம்மா எல்லாம் யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். "நான்தான், வேற யார்?" என்றாள். காப்பி ஆறுவதற்குள் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் ஒரே கணக்குதான். வாலா படிக்கவேண்டும், வாலாவுக்கு ஒரு சர்க்கார் உத்தியோகம் ஆகவேண்டும், வாலா யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். வெடிப்பு என்கிற வார்த்தை. செங்கோட்டைக்குக் கிழக்கே யாரிடம் கேட்டாலும் வெடிப்பு என்றால் பிளவு, கீறல் என்பார்கள். பாதத்தில் வருவது, வயலில் வருவது, சுவரில் வருவது. மலையாளத்தில் அப்படியில்லை. அங்கே வெடிப்பு என்றால் சுத்தம், நேர்த்தி. தலைமுறை தலைமுறையாக அனந்தபுரத்துத் தண்ணீர் குடித்த அக்ரகாரத்துக்காரர்களும் அப்படித்தான் பேசுவார்கள். "பாத்திரத்தை வெடிப்பாத் தேய்ச்சு வை" என்பாள் அம்மா. சுவர் பிளந்தால் அவர்களுக்கு அது விள்ளல். நிலப்பட ஆபீசில் சூப்பரின்டென்ட் பாகீரதியின் படத்தைத் தூக்கிப் பிடித்து, "நோக்கினே, எந்தொரு வெடிப்பு!" என்று மற்றவர்களுக்குக் காட்டுவார். அவள் காது அந்த வார்த்தைக்காகவே வளர்ந்த காது.

எண்பதாம் வருஷவாக்கில் அவளை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். நகரத்துக்கு வெளியே ஒரு குன்றின்மேல் புதிதாகத் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம். பெயர் வேண்டாம். பெயரில் என்ன இருக்கிறது, எல்லா ஆராய்ச்சி நிலையத்திலும் கான்டீன் சாம்பார் ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்கே டாக்டர் சுகுமாரப் பணிக்கர் என்று ஒருவர், படங்களைப் பார்த்து அவற்றிலுள்ள உருவங்களைக் கம்ப்யூட்டரே விவரித்துச் சொல்லவேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டிருந்தார். கோடு தெரிந்த ஒரு கை தேவை என்று கேட்டு வாங்கினார். நாற்பத்துச் சொச்சம் வயதில், இரண்டு பஸ் மாறி, பாகீரதி கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். தெருவே வாயைப் பிளந்தது.

கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. எக்ஸ்ரே பிலிமை வெளிச்சப் பெட்டிமேல் வைத்தால் மேலிருந்து ஒரு காமிரா அதைப் பார்க்கும். பார்த்ததைப் பொடிப்பொடிக் கட்டங்களாக நறுக்கி, எந்தக் கட்டம் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்று எண்ணாக மாற்றும். எலும்பு முடிந்து இருட்டு தொடங்குகிற இடம்தான் ஓரம். அந்த ஓரத்தையே பிடித்துக்கொண்டு கட்டம் கட்டமாகச் சுற்றிவந்தால் எலும்பின் உருவம் கிடைக்கும். பணிக்கர் சார் எடுத்துக்கொண்டது குழந்தைகளின் மணிக்கட்டு. அங்கே சின்னச் சின்ன எலும்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. அவற்றின் உருவத்தைப் பார்த்துப் பிள்ளையின் வளர்ச்சியைச் சொல்லலாம் என்பது அவர் நம்பிக்கை.

ஆனால் உருவம் கையில் கிடைத்தால் போதாது, அதை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லப் புகுந்தால் விடிந்துவிடும், கேட்கிறவனுக்கு ஒன்றும் புரியாது. மொத்தமாகச் சொன்னால் எல்லா எலும்பும் ஒன்றாகிவிடும். அதனால் மூன்று நிலை வைத்தார். முதல் நிலையில் ஓரத்தை நன்றாக வழித்து, பெரிய வளைவுகள் மட்டும். இரண்டாம் நிலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பள்ளமும் மேடும். மூன்றாம் நிலையில் எதையும் வழிக்காமல், உள்ளதெல்லாம் உள்ளபடி. பாகீரதி இதை வீட்டில் அம்மாவுக்கு விளக்கினாள்.

"தெருக்கோடியில யாரோ வரா. மொதல்ல ஆம்பளைன்னு மட்டும் தெரியும். கிட்ட வந்தா நம்ம அனந்தபத்மநாபன்னு தெரியும். இன்னும் கிட்ட வந்தா ரெண்டு நாளா ஷேவ் பண்ணிக்கலேன்னு தெரியும். அதாக்கும் மூணு லெவல்."

"இதுக்கு ஒரு மிஷினா?" என்றாள் அம்மா. "ஜன்னல்ல நின்னாப் போறாதா?"

மூன்றாம் நிலையில்தான் பாகீரதிக்கு வேலை. உள்ளது உள்ளபடி என்றால் பிலிமில் விழுந்த தூசி, விரல் ரேகை, காமிராவின் நடுக்கம் எல்லாமே எலும்பின் ஓரத்தில் பல்லும் குழிச் சொள்ளையுமாக வந்து உட்கார்ந்துவிடும். இது எலும்பு, இது அழுக்கு என்று பார்த்துப் பார்த்து அழுக்கை அவள் நீக்கவேண்டும். பணிக்கர் சார் அவள் மேஜையில் பிரின்ட் அவுட்டை வைத்து, "பாகீரதீ, மூணாமத்தது ஒந்நு வெடிப்பாக்கணம், கேட்டோ" என்பார். அவள் வெடிப்பாக்கிக் கொடுப்பாள். நாளடைவில் அந்த அறையில் எல்லாருக்கும் அது தொழில் வார்த்தையாகவே ஆகிவிட்டது. மூன்றாவது வெடிப்பு ஆயிற்றா, ஆகவில்லையா, இதுதான் காலையும் மாலையும் பேச்சு. வருஷக்கணக்கில் இதையே பார்த்ததில், மூன்றாம் நிலையில் தெரிகிற சொள்ளையெல்லாம் முக்கால்வாசி அழுக்குதான் என்ற எண்ணம் அவள் மனசில் ஊறிப்போயிற்று.

கம்ப்யூட்டர் இருந்த கட்டடம் வேறு. வளாகத்தின் அந்தக் கோடியில், பலாமரங்களுக்கு அப்பால், குளிர்ச்சியான ஒரு கட்டடம். அங்கே ஆபரேட்டராகப் புதிதாக வந்தவன் நயினார். பாளையங்கோட்டைப் பையன். டீக்கடைக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய மலையாளம் மட்டும் கற்றுக்கொண்டிருந்தான். நிம்மதியாக வாய் விட்டுத் தமிழ் பேச அங்கே அவனுக்குப் பாகீரதி ஒருத்திதான் ஆள், அதுவும் பெரும்பாலும் இன்டர்காம் போனில். அவள் தமிழைக் கேட்டு அவன் சிரிப்பான், அவன் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள். நல்ல பையன். இந்தக் கதையில் அவன்மேல் ஒரு குற்றமும் கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதற்குள் வாலாவுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. கிழக்கேகோட்டை இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷும் மலையாளமும் டைப் அடிக்கக் கற்று, வஞ்சியூர் கோர்ட்டுப் பக்கத்தில் வக்கீல்களுக்கு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அடிக்கிற வேகத்துக்கு வக்கீல்களால் ஈடுகொடுத்துச் சொல்ல முடியாது. ஆனால் அது உத்தியோகம் ஆகுமா? சர்க்கார் டைப்பிஸ்ட் வேலைக்கு எழுதி எழுதி, கடைசியில் எழுத்துப் பரீட்சையில் தேறி, டைப் அடித்துக் காட்டுகிற கைத்தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் தேறினால் வேலை. தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும், இனி மனுப்போடவே முடியாது. இது வீட்டில் மூன்று பேருக்கும் மனப்பாடம்.

தேர்வுக்குச் சில நாள் இருக்கையில் வாலா குளத்துக்குத் துணி அலசப் போனாள். வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழை பெய்து படியெல்லாம் பாசி. வழுக்கியவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் பிலிமை வெளிச்சத்தில் வைத்து அப்படியும் இப்படியும் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "ஆனாலும் எனக்குச் சம்சயம் உண்டு. கட்டைவிரலுக்கு அடியில் தோணி மாதிரி இருக்கிற இந்தச் சின்ன எலும்பு கள்ளன். ஒடிந்தாலும் முதலில் காட்டாது" என்று மலையாளத்தில் சொல்லி, கட்டைவிரலோடு சேர்த்து மாவுக்கட்டுப் போட்டுவிட்டார். இரண்டு வாரம் அசைக்காமல் இருந்து மறுபடி வந்தால் இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். இரண்டு வாரம் என்றால் கைத்தேர்வு அதற்குள் வந்து போய்விடும்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாருக்கும் விளக்கேற்றக்கூடத் தோன்றவில்லை. அம்மா சுவாமி அறையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வாலா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"படத்துல ஒண்ணும் இல்லேன்னுதானே டாக்டர் சொன்னார்?" என்றாள் அம்மா. "பின்னே என்னத்துக்குக் கட்டு?"

"சம்சயமாம்" என்றாள் வாலா.

"சம்சயம்னா உன் ஆபீஸ்ல பார்த்துடலாமே, பாகீ. இதே மணிக்கட்டுதானேடி நீங்க பார்க்கறேள்? மனுஷக் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் மிஷினுக்குத் தெரியும்னு நீதானே சொன்னே?"

சொன்னவள்தான். ஒன்றுக்கு நாலாகச் சொல்லியிருந்தாள். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். வாலா அக்காவின் முகத்தையே பார்த்தாள். பாகீரதி பிலிமைக் கவரோடு எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பணிக்கர் சார் ஊரில் இல்லை. இருந்திருந்தால், அது குழந்தைக் கைக்கு எழுதின புரோகிராம், உடைந்ததைக் கண்டுபிடிக்க அல்ல என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். பாகீரதி பிலிமைக் காமிராவில் காட்டி, எண்களை டேப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, போனில் நயினாரைக் கூப்பிட்டாள்.

"நயினார், ஒரு உபகாரம் பண்ணணும், கேட்டயா. டேப்ல கடைசியா இருக்கறது என் தங்கை கை. அந்தத் தோணி மாதிரி எலும்பு மட்டும் போறும். மூணு லெவலும் ஓட்டணும். நான் ஒண்ணும் துடைக்கலே, உள்ளது உள்ளபடி இருக்கு. அப்படியே பார்த்துச் சொல்லு."

"அதுக்கென்ன மேடம், செஞ்சிருதேன்."

மத்தியானம் போன் அடித்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, லைனில் ஒரே இரைச்சல். பாகீரதி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டிட்டேன் மேடம்."

"மொதல் லெவல்?"

"சுத்தமா இருக்கு."

"ரெண்டாவது?"

"அதுவும் சுத்தம்தான்."

"மூணாவது?"

"வெடிப்பாத் தெரியுது மேடம்."

"நன்னாப் பார்த்தியா?"

"நல்லாப் பாத்துட்டேன் மேடம். எலும்போட நடு இடுப்புல, வெடிப்பாவே தெரியுது."

"அப்பாடா" என்றாள் பாகீரதி. "ரொம்ப சந்தோஷம் நயினார். நீ நன்னா இருக்கணும்."

அவன் அந்தப் பக்கம் கொஞ்சம் திகைத்துத்தான் போனான். ஆனால் ஆஸ்பத்திரியில் தெரியாத குறையை இவர்கள் மிஷின் கண்டுபிடித்துவிட்டதே, அந்தச் சந்தோஷமாக இருக்கும், இனி சரியாக வைத்தியம் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். போனை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தான். பிரின்ட் அவுட்டை வாங்கிவர பாகீரதி போகவில்லை. மழை, குடை கிழிசல், அந்தப் பக்கம் போக ஒரு காரணமும் இல்லை. சுத்தம், சுத்தம், வெடிப்பு. இதற்குமேல் என்ன வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒண்ணும் இல்லே, மூணு லெவல்லயும் பார்த்தாச்சு" என்றாள். அம்மா கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கட்டைப் பாகீரதியே பிரித்தாள். மாவு உதிர்ந்த கையை வாலா முன்னே நீட்டி, விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "கட்டுல இருந்ததால மரத்துப்போயிருக்கும், டைப் அடிக்க அடிக்கச் சரியாயிடும்" என்றாள் பாகீரதி. வாலா தலையை ஆட்டினாள். அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேருக்கும் அதுதான் வேண்டியிருந்தது, அதனால் அதுதான் உண்மை.

கைத்தேர்வில் வாலா தேறினாள். தேறியதோடு அல்ல, மேற்பார்வைக்கு வந்தவர் நின்று வேடிக்கை பார்க்கிற அளவுக்கு அடித்தாள். உத்தரவு வந்த அன்று அம்மா பாலடைப் பிரதமன் பாயசம் வைத்தாள். அக்காவும் தங்கையும் காலையில் ஒன்றாகக் கிழக்கேகோட்டை வரை நடந்து, அங்கே பிரிந்து வேறு வேறு பஸ் ஏறினார்கள். பாகீரதியின் வாழ்க்கையில் எது நல்ல காலம் என்று கேட்டால் அந்தச் சில மாதங்களைத்தான் சொல்லவேண்டும். அதையும் நினைத்து நிம்மதியாகச் சந்தோஷப்பட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

முதலில் வாலா வலியை மறைத்தாள். புது மிஷின், சாவி கெட்டியாக இருக்கிறது என்றாள். பிறகு ராத்திரியில் குழம்பு என்கிற மூலிகைத் தைலம் தேய்த்துக்கொண்டாள். ஒருநாள் வெண்கலப் பானையை இறக்கும்போது கட்டைவிரல் பிடி விட்டது, சாதம் அடுப்படி முழுக்கச் சிதறியது. வேறொரு டாக்டரிடம் போனார்கள். இந்தத் தடவை படத்தில் பார்க்க யாருடைய கண்ணும் போதும். தோணி எலும்பு நடுவில் இரண்டாகி இருந்தது. ஒரு பாதிக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போயிருந்தது. "ஆரம்பத்தில் கொஞ்சகாலம் அசைக்காமல் வைத்திருந்தால் கூடியிருக்கும்" என்றார் அவர். யாரையும் குற்றம் சொல்லிச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். ஆபரேஷன் செய்தார்கள். வலி குறைந்தது. மணிக்கட்டு மடங்காமல் போயிற்று.

டைப் அடிக்க முடியாத டைப்பிஸ்டை யார் வைத்துக்கொள்வார்கள்? நிரந்தரமாவதற்கு முன்னாலேயே நடந்துவிட்டதால் வேறு வேலைக்கு மாற்றவும் வழியில்லை என்றுவிட்டார்கள். வாலா ஒருநாள் மத்தியானத்திலேயே டிபன் டப்பாவோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பாடு தொடாமல் அப்படியே இருந்தது.

பாகீரதிக்குக் கோபம் வந்தது, மிஷின்மேல். பொய் சொல்கிற சனியன், பார்க்கத் தெரியாத பொட்டைக்கண் என்று வீட்டில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். பணிக்கர் சாரிடம், "சார், நம்முடெ மூணாமத்த லெவல் சரியல்ல" என்று காரணம் சொல்லாமல் சண்டை பிடித்தாள். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை, மிஷின் தப்பு என்று அவள் மனதார நம்பினாள்.

அடுத்த வருஷத்து மழையில் ஆபீசில் அவள் அறைச் சுவர் ஊறிப்போய், ஜன்னலுக்கு மேலிருந்து ஒரு கீறல் இறங்கியது. நயினார் ஏதோ டேப் வாங்க வந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

"மேடம், மேஜைய இந்தப் பக்கம் இழுத்துப் போடுங்க. சுவர் வெடிப்பா இருக்கு."

பாகீரதி சுவரைப் பார்த்தாள். பூசணம் பிடித்து, காரை பெயர்ந்து, பார்க்கவே சகிக்காத சுவர்.

"இது வெடிப்பா?" என்று சிரித்தாள். "அழுக்குப் பிடிச்சுக் கிடக்கு. இதைப் போய் வெடிப்புங்கறயே!"

"அழுக்கு கிடக்கட்டும் மேடம். வெடிச்சிருக்குல்லா? இந்தா, விரலே உள்ள போகுது." அவன் கீறலில் விரலை வைத்துக் காட்டினான். "இதுக்கு எங்க ஊர்ல வெடிப்புன்னுதான் பேரு. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"விள்ளல்" என்றாள்.

சொன்ன பிறகு அவளால் மேற்கொண்டு சிரிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நயினார், அன்னிக்கு, என் தங்கை கையைப் பார்த்துச் சொன்னயே..."

"ஆமா மேடம், அதான் அப்பவே சொன்னேனே, வெடிப்பாத் தெரியுதுன்னு. நீங்ககூட சந்தோஷம்னு சொன்னீங்க. இப்ப கை நல்லா கூடிருச்சா?"

அவனிடம் என்னத்தைச் சொல்வது? ஆயிடுத்து என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் போன பிறகு அவள் அழுதாள். அப்பா செத்தபோது அம்மா அழுகிறாளே என்று அடக்கிக்கொண்டவள், அன்று ஆபீஸ் மேஜையில் தலையை வைத்து அழுதாள். மிஷின் பொய் சொல்லவில்லை. நயினார் பொய் சொல்லவில்லை. பலாமரங்களைத் தாண்டி, கிழிந்த குடையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காகிதத்தை ஒருதரம் கண்ணால் பார்த்திருந்தால் போதும். அதற்குச் சோம்பல். இல்லை, சோம்பல் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்க ஆசைப்பட்டதைக் காது கேட்டுவிட்டது, அதற்குப் பிறகு காலுக்கு வேலை இல்லை.

அதன்பின் அவள் வேலையில் மெதுவாகிப்போனாள். மூன்றாம் நிலையில் ஒரு சொள்ளையை நீக்குவதற்குள் பத்துத்தரம் பிலிமை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். யாராவது வெடிப்பு என்று சொன்னால், "எந்த வெடிப்பு? மலையாளமா தமிழா?" என்று கேட்பாள். சின்னப் பசங்கள் அதை ஒரு தமாஷாக்கி, அவள் தலையைக் கண்டாலே, "எந்த வெடிப்பு சேச்சீ?" என்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

வாலாவிடம் சொல்லாமல் வைத்திருக்க அவளால் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். வாலா முறத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாகீரதி எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். போனில் அவன் சொன்னது, இவள் கேட்டது, சுவர், விள்ளல், எல்லாம்.

வாலாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "வெடிப்பா? ஐயோ கஷ்டமே" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"எல்லாம் என் தப்பு, வாலா. நான் எழுந்து போய் அந்தப் படத்தைப் பார்த்திருக்கணும்."

"எந்தப் படத்தை?"

"மூணாம் லெவல்."

வாலா அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பாகீரதிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மொதல் லெவல், ரெண்டாம் லெவல், மூணாம் லெவல் எல்லாம் அந்தப் பையன்கிட்டக் கேட்டே. நான் உன் பாய்க்குப் பக்கத்துப் பாயிலதானே படுத்திண்டிருந்தேன்? கட்டைப் பிரிச்சப்பகூட என் கை உன் கையிலதானே இருந்தது? 'வாலா, வலிக்கறதா'ன்னு ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டியா, அக்கா?"

பாகீரதி கையை நீட்டி வாலாவின் வலது மணிக்கட்டைத் தொட்டாள்.

"கேட்டிருந்தா, வலிக்கறதுன்னு சொல்லியிருப்பேன்" என்றாள் வாலா.